பணத்துக்குக் காவல் நிற்கும் எண்!

உசிலம்பட்டியில் பூக்கடை, டீக்கடை, மளிகைக்கடை எங்கும் இப்போது கட்டம் போட்ட அட்டை இருக்கிறது. செல்போனை அதன்முன் காட்டினால் போதும். பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நோட்டும் இல்லை, சில்லறையும் இல்லை. வழியில் அந்தப் பணத்தைத் திருடன் பறிக்காமல் காப்பது எது? இரும்புப் பெட்டி அல்ல. பள்ளிக்கூடத்துக் கணக்கில் வரும் எண்கள்தான்!

பெருக்குவது எளிது

83-ஐயும் 97-ஐயும் பெருக்கினால் 8,051 வரும். ஐந்தாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால், "எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 8,051 வரும்?" என்று கேட்டால் பெரியவர்களும் திணறுவார்கள்.

83, 97 இரண்டும் பகா எண்கள். அதாவது, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. இப்படிப்பட்ட இரண்டு பெரிய எண்களைப் பெருக்கி வரும் விடையே பூட்டு. அதை ஊருக்கே காட்டலாம். பெருக்கிய இரண்டு எண்கள்தான் சாவி. அவை ரகசியம்!

ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் 1977-ல் இந்த முறையை வெளியிட்டார்கள்.

உடைந்தது பூட்டு

அந்த ஆண்டே 129 இலக்கம் கொண்ட ஓர் எண்ணை அறிவித்து, "உடைத்தால் 100 டாலர் பரிசு" என்றார்கள். கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்று கணக்கும் சொன்னார்கள்.

நடந்தது என்ன? 1994-ல் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 600 பேர் தங்கள் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து வேலை செய்தார்கள். சுமார் எட்டே மாதத்தில் அந்த எண் இரண்டாகப் பிரிந்தது! 2020-ல் 250 இலக்க எண்ணும் உடைந்தது.

ஆகவே பூட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. இன்று பரவலாகப் பயன்படும் எண்ணுக்கு 617 இலக்கங்கள். அதை இதுவரை யாரும் உடைக்கவில்லை.

புதிய ஆபத்து

ஆனால் குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற புது வகை எந்திரம் வளர்ந்து வருகிறது. போதிய பலம் பெற்றால், அது இத்தகைய எண்களை விரைவில் பிரித்துவிடும் என்று பீட்டர் ஷோர் என்ற கணித அறிஞர் 1994-லேயே காட்டினார். அவ்வளவு பலமுள்ள எந்திரம் இன்னும் வரவில்லை. என்றாலும், இன்று ரகசியங்களைத் திருடிப் பூட்டோடு வைத்திருந்து, எந்திரம் வந்த பிறகு திறக்கலாம் அல்லவா?

அதனால்தான் அமெரிக்கா 2024 ஆகஸ்டில் புதிய பூட்டு முறைகளை வெளியிட்டது. இந்திய அரசு 2023-ல் சுமார் 6,000 கோடி ரூபாயில் குவாண்டம் ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பழைய பூட்டைக் காலத்தோடு மாற்றவேண்டியது அரசுகள், வங்கிகளின் பொறுப்பு.

மக்கள் செய்யவேண்டியது

குடும்பங்களுக்கு உள்ள ஆபத்து வேறு. 617 இலக்க எண்ணோடு எந்தத் திருடன் மல்லுக்கட்டுவான்? அவன் போன் செய்து, "பணம் வந்திருக்கிறது, ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பான். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை! ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கவேண்டும்.

617 இலக்கப் பூட்டைக் கணித மேதைகள் காக்கட்டும். நாலு அல்லது ஆறு இலக்க ரகசிய எண்ணை வீட்டில் உள்ளவர்கள்தான் காக்கவேண்டும்!