தொலைந்தது அட்டைதான்

சாந்தோம் பேராலயத்துக்கு எதிரே பஸ் நெரிசலில் ஒரு அம்மாளிடமிருந்து பறிபோன பர்ஸில் பணம் கொஞ்சம்தான். அந்த அம்மாள் அழுததெல்லாம் கிரீன் கார்டுக்காக. பத்தே நாளில் மகனிடம் திரும்ப டிக்கெட். இனி அமெரிக்காவே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார். பலரும் இப்படித்தான் பதறுகிறார்கள். தொலைந்தது அட்டைதான், வசிக்கும் உரிமை அல்ல. ஆனால் மீனம்பாக்கம் விமான நிலையக் கவுன்ட்டரில் கேட்பது அட்டையை. உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம். அதற்காகவே ஐ-131ஏ விண்ணப்பம் இருக்கிறது, அமெரிக்காவை விட்டு வந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு. 2024 கட்டணப்படி 575 டாலர். இணையத்தில் கட்டிய பிறகே அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் படியேற வேண்டும். வயதானவர்களை டாலரில், அதுவும் இணையத்தில் கட்டச் சொல்வது கொடுமை. கடைசியில் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருவது ‘போர்டிங் ஃபாயில்’ என்ற சிறு அனுமதிச் சீட்டு. புது அட்டைக்கு அமெரிக்கா போய் ஐ-90 விண்ணப்பம் தனியாக. அந்த அம்மாளைக் காப்பாற்றியது பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த, கிரீன் கார்டின் ஒரு ஜெராக்ஸ். ஓரமெல்லாம் நைந்திருந்தாலும் விண்ணப்பத்தில் கேட்கும் ஒன்பது இலக்க எண் தெளிவாகத் தெரிந்தது. மகன் போனில் கேட்கக் கேட்க, ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் படித்துச் சொன்னார்.