ஆவணப்பட விழாவுக்கு அமைச்சகத்தின் அனுமதி எதற்கு?

திருவனந்தபுரத்தில் கேரள மாநில சலச்சித்திர அகாதெமி நடத்தும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா, தென்னிந்திய ஆவணப்படக்காரர்கள் கூடும் இடங்களில் முதன்மையானது. ஆவணப்படத்துக்குத் திரையரங்கு கிடைப்பதில்லை. தொலைக்காட்சியும் கதவைத் திறப்பதில்லை. கடன் வாங்கி, வாடகைக் கேமராவோடு ஆண்டுக்கணக்கில் அலைந்து படத்தை முடித்தவருக்கு, அதைப் பெரிய திரையில் போட்டுக்காட்டிக் கேள்விகளை எதிர்கொள்ள வாய்க்கும் நாட்கள் இவைதாம். அந்த நாட்களில் எந்தப் படம் ஓடலாம், எது ஓடக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை டெல்லியில் உள்ள தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கையில் வைத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை அது பயன்படுத்திவரும் விதத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுவெளியில் திரையிடும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்று வேண்டும். விழாக்களுக்கு வரும் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இருக்காது. அதனால், சட்டத்தின் 9-ஆவது பிரிவின்கீழ் விழா அமைப்பாளர்கள் மத்திய அரசிடம் விலக்குக் கேட்கிறார்கள். படங்களின் பட்டியலையும் கதைச் சுருக்கத்தையும் அனுப்பிவிட்டு, பதில் வரும் வரை காத்திருக்கிறார்கள். விலக்குக் கிடைத்த படத்தையும் எல்லோரும் பார்த்துவிட முடியாது. பெயரைப் பதிவு செய்து, அடையாள அட்டை வாங்கியவர்களுக்கே அரங்கில் இடம். தேர்வுக் குழு பார்த்துத் தேர்ந்தெடுத்த படத்தை, விவாதிப்பதற்கென்றே கூடியவர்கள் பார்ப்பதற்கு அமைச்சகத்தின் ஒப்புதல் ஏன் தேவைப்படுகிறது? இந்தக் கேள்விக்கு இதுவரை எந்த அரசும் நேரான பதில் சொன்னதில்லை.

2017 ஜூனில் நடந்த விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் மரணத்தை ஒட்டிய 'தி அன்பேரபிள் பீயிங் ஆஃப் லைட்னஸ்' ஒன்று. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் போராட்டத்தைப் பற்றிய 'மார்ச் மார்ச் மார்ச்' இன்னொன்று. மூன்றாவது, 'இன் த ஷேட் ஆஃப் ஃபாலன் சினார்'. காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து கிடக்கும் ஒரு பழைய சினார் மரம். அதன்மேல் இளைஞர்கள் வண்ணம் தீட்டுகிறார்கள். சுற்றி உட்கார்ந்து பாடுகிறார்கள். தங்கள் ஊரில் கலைஞராக வாழ்வது எப்படியிருக்கிறது என்று பேசுகிறார்கள். படம் இவ்வளவுதான். பாடும் பிள்ளைகளைப் பார்த்து ஓர் அரசு அஞ்சியது. மூன்று படங்களும் மாணவர்களையும் இளைஞர்களையும் பற்றியவை என்பது தற்செயல் என்று நம்புவதற்கு நாம் தயாராக இல்லை.

2019-இல் அதே விழாவில் ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்' படத்துக்கு அதே கதி. பகுத்தறிவாளர்களான நரேந்திர தபோல்கர், கோவிந்த் பன்சாரே உள்ளிட்டோரின் கொலைகளைப் பின்தொடரும் நீண்ட படம் அது. அதற்கு முந்தைய ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதன்மை விருது பெற்றது. அமைச்சகத்தின் விலக்குக் கிடைக்காததால் கேரள உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. நீதிமன்றம் அனுமதித்தது, விழா முடியும் தறுவாயில் படம் திரையைக் கண்டது. சட்டம் ஒழுங்கு எங்கும் கெடவில்லை. அரசு எதற்காக அஞ்சியதாகச் சொல்லிக்கொண்டதோ, அதில் எதுவும் நடக்கவில்லை.

இந்த இடத்தில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆவணப்படங்களுக்கு எழுப்பப்படும் ஆட்சேபம் எதிர்ப்பைச் சந்தித்ததும் உதிர்ந்துவிடுவது இது முதல்முறை அல்ல. இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்து ஒரு சிறிய ஆவணப்படம் எடுத்தார். அதில் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியைக் காட்டும் காட்சிகளை வெட்டச் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனதும், ஒரு வெட்டும் இல்லாமல் 'யு' சான்று தர அரசே முன்வந்தது. குஜராத் கலவரத்தைப் பற்றிய ராகேஷ் சர்மாவின் 'ஃபைனல் சொல்யூஷன்' படத்துக்கு 2004-இல் தணிக்கை வாரியம் சான்று மறுத்தது. சில மாதங்களில் அதே வாரியம் வெட்டின்றிச் சான்று தந்தது. ஆட்சேபத்தில் உண்மை இருந்திருந்தால் அது சில மாதங்களில் எங்கே போயிற்று?

ஆனால் விழாவுக்குத் தேதி உண்டு. ஐந்தாறு நாட்களில் அது முடிந்துவிடும். அதற்குள் கடிதம் வராவிட்டால், தடை என்று யாரும் கையெழுத்திடாமலே படம் நின்றுவிடுகிறது. வழக்குப் போட வக்கீல் வேண்டும், பணம் வேண்டும், அவசர மனு வேண்டும். பட்வர்தனைப் போலப் பல பத்தாண்டுகளாக நீதிமன்றப் படியேறிப் பழகியவருக்கு அது இயலும். முதல் படத்தோடு வந்திருக்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இயலுமா? தாமதத்தையே தடையாக்கும் இந்த முறைதான் எல்லாவற்றிலும் கொடியது.

இந்தப் போக்கு புதிதல்ல. மும்பையில் நடந்த 2004-ஆம் ஆண்டு சர்வதேச ஆவணப்பட விழாவுக்கு, இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றோடு வர வேண்டும், வெளிநாட்டுப் படங்களுக்கு வேண்டாம் என்று விதி போட்டார்கள். நாடெங்கும் ஆவணப்படக்காரர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்ததும் விதியைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு, அரசை விமர்சித்த பல படங்கள் தேர்விலேயே கழிக்கப்பட்டன. அவற்றைத் திரட்டி, விழா நடந்த இடத்துக்கு அருகிலேயே 'விகல்ப்' என்ற மாற்று விழாவை நடத்திக் காட்டினார்கள். அந்தத் தன்மானத்துக்கு நம் வணக்கம். இருபது ஆண்டுகள் கடந்தும் அரசு பாடம் கற்கவில்லை. 2025 டிசம்பரில் கேரளத்தின் சர்வதேசத் திரைப்பட விழாவில் 19 படங்களுக்கு முதலில் அனுமதி மறுத்தார்கள். ஐசன்ஸ்டைன் 1925-இல் எடுத்த 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' அதில் ஒன்று. உலகெங்கும் திரைப்பட மாணவர்களுக்குப் பாடமாக இருக்கும் படத்தை, நூறாவது ஆண்டில் ஓர் இந்திய அரங்கில் நிறுத்தப் பார்த்தார்கள். இந்தத் தலைகுனிவுக்கு அமைச்சகம் பொறுப்பேற்றாக வேண்டும்.

குற்றம் டெல்லியிடம் மட்டும் இல்லை. தெற்காசிய ஆவணப்படங்களுக்கென்றே காத்மாண்டுவில் நடக்கும் 'ஃபிலிம் சவுத்ஏசியா' விழாவில், 2013-இல் இலங்கையைப் பற்றிய மூன்று படங்களைக் கொழும்பின் நெருக்குதலுக்குப் பணிந்து நேபாள அரசு நிறுத்தியது. அவற்றில் ஒன்றான 'நோ ஃபயர் ஸோன்' படத்துக்கு, நட்பு நாட்டோடு உறவு கெடும் என்று சொல்லி மறு ஆண்டே இந்தியத் தணிக்கை வாரியமும் சான்று மறுத்தது. முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கான சாட்சியத்தைவிட இரு அரசுகளின் நட்பு பெரிதாகப் போயிற்று. தமிழ்நாட்டின் கையும் சுத்தமில்லை. துப்புரவுத் தொழிலாளர் நிலையைச் சொல்லும் 'கக்கூஸ்' படத்தின் திரையிடல்களை 2017-இல் நம் காவல் துறை தடுத்ததை மறக்க முடியாது. வன்முறை மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை அரசு கைவிட முடியாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில்தான். அந்தத் தீர்ப்பு நம் காவல் நிலையங்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அப்பாஸ் வழக்கில் 1970-இல் முன்தணிக்கை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் கேட்ட இரண்டு பாதுகாப்புகளை அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது: தணிக்கைக்குக் காலவரம்பு, முறையிடச் சுயேச்சையான தீர்ப்பாயம். தீர்ப்பாயம் வரவே 1983 ஆயிற்று. 2021 ஏப்ரலில் அவசரச் சட்டம் ஒன்றினால் அதையும் கலைத்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பாயம் இருந்த காலத்திலும் விழா விலக்கு அதன் வரம்பில் இல்லை. ஆக, ஓர் ஆவணப்படக்காரர் வாதாடிப் பெற்ற வாக்குறுதி, ஆவணப்பட விழாக்களின் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

ஆகவே, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விழா விலக்குக்கான விதிமுறையை உடனே மாற்ற வேண்டும். மாநில அகாதெமிகள், பல்கலைக்கழகங்கள், திரைப்படச் சங்கங்கள் நடத்தும் விழாக்களில் தேர்வுக் குழு ஏற்ற படத்துக்கு விலக்குத் தானாகவே பொருந்தும் என்று 9-ஆவது பிரிவின்கீழ் ஒரு பொது ஆணை போதும். நாடாளுமன்றம் கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு படத்துக்கு ஆட்சேபம் உண்டென்றால், படத்தைப் பார்த்த அதிகாரி தம் பெயரோடு, எழுத்தில், விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே காரணம் சொல்லட்டும். சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும். கலைத்த தீர்ப்பாயத்தை மீட்டு, விழா விலக்கு மறுப்பையும் அதன் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். சலச்சித்திர அகாதெமியும் இனி கடைசி நாள் வரை கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அடுத்த விழாவுக்கான பட்டியலை முன்கூட்டியே அனுப்பி, பதில் வராத படங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் தன் செலவில் வழக்குத் தொடுக்கட்டும். அந்தச் சுமையைப் படம் எடுத்தவர் தலையில் ஏற்றக் கூடாது.