பகுதிக் கலைக்குழுக்களுக்கு மாநகராட்சி நிதி: சென்னை மக்களுக்கு ஒரு பொது வேண்டுகோள்

பங்கேற்புக் கலை என்பது ஒரு பகுதியில் வாழும் மக்கள் பார்வையாளர்களாக மட்டும் இல்லாமல், கலைஞர்களோடு கூடித் தாங்களே உருவாக்கும் கலை. வீதி நாடகம், பறையாட்டம், கானா, சுவரோவியம், கதைசொல்லல், பொம்மலாட்டம் என அதற்குப் பல வடிவங்கள் உண்டு. வாரியக் குடியிருப்பில் வாழும் பெண்கள் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கும் தங்கள் அனுபவத்தைத் தாங்களே வசனமாக்கி நடித்தால் அது பங்கேற்புக் கலை. அதே பிரச்சினையை வெளியிலிருந்து வந்த குழு நடித்துக் காட்டிவிட்டுப் போனால், அது எவ்வளவு நல்ல நாடகமானாலும் இந்த வகையில் சேராது.

இந்தக் கலையை ஊன்றி வளர்ப்பவை சமூகக் கலைக்குழுக்கள். இவற்றில் பலவற்றுக்குச் சொந்த இடம் இல்லை, மாதச் சம்பளத்துக்கு ஆள் இல்லை, சங்கப் பதிவும் இல்லை. சென்னையில் இயங்கும் இத்தகைய குழுக்களின் சார்பில் இவ்வேண்டுகோள் முன்வைக்கப்படுகிறது. பெருநகர சென்னை மாநகராட்சி பகுதிக் கலைக்குழுக்களுக்கு ஆண்டுதோறும் வெளிப்படையான முறையில் நிதியுதவி வழங்க வேண்டும். அந்தக் கோரிக்கையை 200 வார்டுகளிலும் மக்களே எழுப்ப வேண்டும் என்பது இதன் சாரம்.

இன்றைய நிலை

தமிழகத்தில் கலைக்கு அரசுப் பணம் போகவே இல்லை என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் 1955 முதல் இயங்கி வருகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் உள்ளது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2023 பொங்கலையொட்டி மீண்டும் நடத்தப்பட்டது. பூங்காக்களிலும் திடல்களிலும் கரகமும் ஒயிலும் தேவராட்டமும் மேடையேறின. இவை பயனுள்ள முயற்சிகள். ஆனால் இவை மாநில அரசின் திட்டங்கள். மாநகராட்சியின் திட்டங்கள் அல்ல. விழா சில நாட்களில் முடிந்துவிடும். மேடையேறும் குழுவுக்கு அன்றைய சம்பளம் கிடைக்கும். மற்ற மாதங்களில் நடக்கும் பயிற்சியும் பட்டறையும் குழுவினரின் கைக்காசில்தான் நடந்தாக வேண்டும்.

உள்ளாட்சிகளும் கலைக்குழுக்களை அழைக்காமல் இல்லை. குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லவும், டெங்குக் கொசுவைப் பற்றி எச்சரிக்கவும் விழிப்புணர்வுக் கலைநிகழ்ச்சிகள் நடத்தப்படுகின்றன. அங்கே கலைஞருக்குச் செய்தி எழுதிக் கொடுக்கப்படுகிறது. அவர் அதை ஆடிப் பாடிச் சொல்கிறார். அது கூலி வேலை. பகுதி மக்கள் தங்கள் கதையைத் தாங்கள் சொல்வதற்கு அதில் இடம் இல்லை.

சுவரோவியங்களின் கதையும் இங்கே கவனத்துக்குரியது. நகரின் நடுப்பகுதியிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரில், 2020இல் மாநகராட்சியின் ஒத்துழைப்புடன் ஓர் அறக்கட்டளையும் ஒரு பெயிண்ட் நிறுவனமும் சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டச் செய்தன. கண்ணகி நகரைப் பற்றி அதுவரை வந்த எதிர்மறைச் செய்திகளுக்கு நடுவே அது நல்ல மாற்றமாக இருந்தது. ஆயினும் அத்தகைய திட்டத்தில் சுவரைத் தேர்வதும் ஓவியரை அழைப்பதும் பணம் தருவோரின் கையில் இருக்கின்றன. வண்ணம் மங்கும்போது மறுபடி பூசுவதற்குப் பகுதி மக்களிடம் நிதியும் இருப்பதில்லை, அதை முடிவு செய்யும் அதிகாரமும் இருப்பதில்லை.

இன்னொரு வழியும் சென்னையில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவில், மீனவக் குப்பத்தின் கடற்கரையில் கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் நடந்தன. பின்னர் அது சென்னைக் கலைத்தெரு விழா என்ற பெயரில் தொடர்ந்தது. தன்னார்வலர்களின் உழைப்பும் பொதுமக்களின் நன்கொடையும் அதைத் தாங்கின. இத்தகைய முயற்சி தளராமல் நடக்க வேண்டுமானால் நன்கொடையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

செலவு எங்கே விழுகிறது

வாரியக் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகளுக்குப் பறை கற்றுத்தரும் குழுவை எடுத்துக்கொண்டால் தேவை என்ன என்பது விளங்கும். வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிச் செய்யும் பறையை, வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும். ஈரக்காற்றில் தோல் தொய்ந்து ஓசை இறங்கிவிடும் என்பதால் குழுக்கள் பல ஃபைபர் பறைக்கு மாறியிருக்கின்றன. எதுவானாலும் இருபது பிள்ளைகள் கற்க வந்தால் இருபது பறை வேண்டும். இடக்கையில் பிடிக்கும் மெல்லிய சிண்டுக்குச்சியும் வலக்கையில் பிடிக்கும் தடித்த அடிக்குச்சியும் கற்கும் கைகளில் அடிக்கடி முறியும்.

பயிற்றுநருக்குப் பகலில் வேறு வேலை. மாலை ஏழு மணிக்கு மேல்தான் வகுப்பு. மொட்டை மாடியில் நடத்தினால் கீழ்வீட்டார் சத்தம் தாங்கவில்லை என்பார்கள். தெருவில் நடத்தினால் வண்டிகளுக்கு ஒதுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சமூகநலக்கூடம் திருமணத்துக்கோ காதுகுத்துக்கோ பதிவாகியிருக்கும். காலியாக இருந்தாலும் வாடகை கட்ட வேண்டும். பிள்ளைகள் ஆடத் தயாரானதும் மைக்செட், விளக்கு, நாற்காலி, சாமான் ஏற்றும் வண்டி, டீ, பன் என்று செலவு வரிசை கட்டும். காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும். பெரிய கொடையாளர்கள் இத்தகைய வேலைக்குப் பணம் தருவது அரிது. அவர்களுக்கு வேண்டிய பெரிய மேடையும் பெயர்ப்பலகையும் இதில் கிடைக்காது. மாநகராட்சிக்கோ இது மிகச் சிறிய தொகை.

சட்டத்தில் உள்ள இடம்

கலை வளர்ப்பு மாநகராட்சியின் வேலையா என்ற கேள்விக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது 12ஆவது அட்டவணை சேர்க்கப்பட்டது. நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவையாக அதில் 18 பணிகள் உள்ளன. குடிநீர், சாலை, துப்புரவு ஆகியவற்றோடு, 13ஆவது இனமாகப் பண்பாடு, கல்வி, அழகியல் ஆகியவற்றை வளர்ப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

வருவாய்க்கும் வழி இருக்கிறது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, மாநில அரசு கேளிக்கை வரி விதிக்கும் அதிகாரம் முடிவுக்கு வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் விதித்து வசூலிக்கும் கேளிக்கை வரிக்கு மட்டும் அரசமைப்பு இடம் விட்டது. அதே ஆண்டில் அதற்கான தமிழ்நாட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆக, திரையரங்கு நுழைவுச்சீட்டின் மீது வரும் கேளிக்கை வரி உள்ளாட்சியின் பணம். கலையின் பெயரால் நகரம் ஈட்டும் இந்த வருவாயில் ஒரு பங்கு, சீட்டு வாங்கிப் பார்க்க வசதியில்லாத தெருக்களின் கலைக்குத் திரும்புவது நியாயம்.

பிற நகரங்களின் அனுபவம்

சான் பிரான்சிஸ்கோ நகரம் 1961 முதல் தங்கும் விடுதி வரியிலிருந்து கலை அமைப்புகளுக்கு நிதி அளித்து வருகிறது. காலப்போக்கில் அந்த வரியில் கலைக்கென இருந்த உறுதியான பங்கு தளர்ந்தது. 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், 14 விழுக்காடு விடுதி வரியில் 1.5 விழுக்காட்டுப் புள்ளியைக் கலைக்கும் பண்பாட்டுக்கும் ஒதுக்க நகர மக்கள் ஒப்புதல் அளித்தனர். குறிப்பிட்ட வரியின் குறிப்பிட்ட பங்கு என்று விதியில் எழுதப்படாத நிதி நிலைக்காது என்பதை அந்த நகரத்தின் அனுபவம் காட்டுகிறது.

சென்னைக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி பிரேசிலின் சாவ் பாவ்லோ. அங்கே கலையைச் சந்தைச் சரக்காக மட்டும் பார்க்கும் போக்கை எதிர்த்து நாடகக் குழுக்கள் 1990களின் இறுதியில் அறிக்கை வெளியிட்டு இயக்கம் நடத்தின. அதன் விளைவாக 2002இல் நகராட்சி ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நிதி தனித்தனி நிகழ்ச்சிக்குத் தரப்படுவதில்லை. ஒரு குழுவின் தொடர்ந்த ஆய்வுக்கும் பயிற்சிக்கும் படைப்புக்கும் தரப்படுகிறது. தேர்வுக்குழுவில் அரசு நியமிப்பவர்களோடு, விண்ணப்பிக்கும் குழுக்கள் வாக்களித்துத் தேர்ந்தவர்களும் இருப்பார்கள். 2003இல் அதே நகரம் புறநகர் இளைஞர்களுக்கென மற்றொரு சட்டம் கொண்டுவந்தது. சங்கமாகப் பதிவு செய்யாத இளைஞர் குழுக்களும் அதன்கீழ் சிறு நிதி பெறலாம். பதிவு இல்லை என்பதற்காக ஏழைப் பகுதிக் குழுக்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் நிலை இதனால் மாறியது.

உள்ளாட்சிச் செலவை மக்களே முன்மொழியும் முறை இந்தியாவுக்கும் புதிதல்ல. புனே மாநகராட்சி 2006 முதல், வார்டு மக்கள் தங்கள் பகுதிக்கு வேண்டிய பணிகளை எழுதிக் கொடுத்து வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வழி செய்திருக்கிறது.

கோரிக்கைகள்

1. மாநகராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பகுதிக் கலைக்கெனத் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். கேளிக்கை வரி வருவாயில் அதற்கான பங்கு இவ்வளவு என்று மன்றத் தீர்மானத்திலேயே வரையறுக்கப்பட வேண்டும்.

2. திருவொற்றியூர் முதல் சோழிங்கநல்லூர் வரை அனைத்து மண்டலங்களுக்கும் குறைந்தபட்சப் பங்கு உறுதி செய்யப்பட வேண்டும். சபாக்கள் நிறைந்த மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளைக் காட்டிலும் வடசென்னைக்கும் மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கும் முன்னுரிமை தேவை.

3. விண்ணப்பம் தமிழில், ஓரிரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். பதிவு பெறாத குழுக்கள், வார்டு மக்கள் சிலர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் விண்ணப்பிக்கலாம் என்று விதி அமைய வேண்டும்.

4. தொகையின் பெரும்பகுதி முன்பணமாகத் தரப்பட வேண்டும். செலவு செய்துவிட்டு ரசீது காட்டிப் பெறும் முறையில், கடன் வாங்க முடிந்த குழுக்கள் மட்டுமே நிலைக்கும்.

5. தேர்வுக்குழுவில் மாநகராட்சி அலுவலர்களோடு, குழுக்கள் தேர்ந்தெடுக்கும் கலைஞர்களும் பகுதி மக்களும் இடம்பெற வேண்டும். தம் குழுவின் விண்ணப்பம் வரும்போது உறுப்பினர் விலகியிருக்க வேண்டும்.

6. மாநகராட்சிப் பள்ளிகளின் வகுப்பறைகளும் திடல்களும் பள்ளி நேரத்துக்குப் பின்னும், சமூகநலக்கூடங்கள் காலியாக உள்ள நாட்களிலும், கட்டணமின்றிப் பயிற்சிக்குத் தரப்பட வேண்டும்.

7. நிதி தருவதால் உள்ளடக்கத்தில் தலையிடும் உரிமை வந்துவிடாது என்பது விதியாக எழுதப்பட வேண்டும். நாடகப் பிரதியைக் காவல்துறைக்கு முன்கூட்டியே காட்ட வைத்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தணிக்கை நிதியுதவியின் வழியே திரும்பி வரலாகாது.

8. யாருக்கு எவ்வளவு தரப்பட்டது, என்ன நடந்தது என்ற விவரம் வார்டு வாரியாக வெளியிடப்பட வேண்டும்.

எழக்கூடிய கேள்விகள்

மழைநீர் வடிகாலே முழுமையடையாத ஊரில் கலைக்குப் பணமா என்று கேட்கப்படும். கேள்வி நியாயமானது. கோரப்படும் பங்கு, சொத்து வரியிலிருந்தோ வடிகால் நிதியிலிருந்தோ அல்ல, கேளிக்கை வரியிலிருந்துதான். மேலும் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் குழாயில் கழிவுநீர் கலக்கிறது என்பதை ஊரறியச் சொல்லும் வல்லமை அந்தத் தெருவின் நாடகத்துக்கு உண்டு.

பணம் வேண்டியவர்களுக்கே போய்ச் சேரும், கட்சிக்காரர்களின் குழுக்கள் புகுந்துகொள்ளும் என்ற அச்சமும் உண்டு. அதற்காகவே கலப்புத் தேர்வுக்குழுவும், பெயர் விவரங்களை வெளியிடுவதும், வார்டிலேயே கணக்குக் காட்டுவதும் கோரிக்கையில் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரு குழு உண்மையிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததா என்பதை மேலிடத்துத் தணிக்கையாளரைவிட அந்தத் தெருவார் நன்றாக அறிவார்கள்.

தரம் குறையாதா என்பது மூன்றாவது கேள்வி. பங்கேற்புக் கலையில் இறுதி நிகழ்ச்சியை மட்டும் பார்த்துத் தரம் அளக்க முடியாது. எத்தனை பேர் தொடர்ந்து வந்தார்கள், யார் முதன்முறையாக மேடையேறினார்கள், குழு அடுத்த ஆண்டும் நிலைத்ததா என்பவையும் சேர்ந்தே அளவுகோல் ஆகும்.

மக்கள் செய்ய வேண்டியவை

தமிழகத்தில் 2022 முதல் நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபாக் கூட்டங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும் அந்தக் கூட்டங்களில், பகுதிக் கலைக்கு நிதி என்ற பொருளையும் எழுப்பலாம். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவானதா என்று பார்ப்பது அவசியம். வாய்மொழியாகச் சொன்னது கூட்டத்தோடு போய்விடும்.

அடுத்து, வார்டு உறுப்பினரைச் சந்தித்து, வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் வைக்கப்படுவதற்கு முன்பே இதைப் பேசும்படி கோரலாம். குடியிருப்போர் நலச் சங்கங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றி மேயருக்கும் ஆணையருக்கும் ரிப்பன் மாளிகை முகவரிக்கு அனுப்பலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர், மாலை வேளையில் பள்ளி வளாகத்தைப் பயிற்சிக்குத் திறந்துவிடும் கோரிக்கையை அங்கேயே எழுப்பலாம்.

ஒவ்வொரு வார்டிலும் எந்தக் கலைஞர் எங்கே இருக்கிறார், எந்தக் குழு எங்கே பயிற்சி செய்கிறது என்ற பட்டியலைத் தயாரிப்பதும் மக்களால் செய்யக்கூடிய வேலை. கானா பாடுபவர், பறை அடிப்பவர், பலகை எழுதும் ஓவியர், கோலமிடும் பெண்கள், குப்பத்தில் பாட்டுக் கட்டும் முதியவர் என அந்தப் பட்டியல் நீளும். வார்டில் கலைக்குழுவே இல்லை, நிதி யாருக்குத் தருவது என்று அலுவலகத்தில் கேட்டால் அந்தப் பட்டியலைக் காட்டலாம். சென்னை மக்கள் தத்தம் வார்டில் இந்த வேலைகளில் ஒன்றையேனும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.