இரண்டு சென்டிமீட்டர் மனுஷி

மாடல் ரயில் கட்டும் ஆசாமிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தப் பொறுமை நமக்கெல்லாம் வராது. ஆனால், 'எஸ்டேட் ரயிலை மினியேச்சரில் கொண்டுவர்றேன்' என்று கிளம்புகிறவர்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

மூணாறு குண்டளை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1902-ல் அது மோனோரயில். ஒற்றைத் தண்டவாளத்தில் சின்னச் சக்கரம், பக்கத்துப் பாதையில் பெரிய சக்கரம். இழுத்தது மாடு! 1908-ல் இரண்டடி அகலப் பாதை போட்டு நிஜ எஞ்சின் விட்டார்கள். தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும், ரோப்வேயில் கொட்டகுடிப் பக்கம் இறங்கும், அங்கிருந்து போடி. 1924 ஜூலை வெள்ளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை. ஆக, இனி அந்த ரயில் ஓடினால் யாராவது ஒருவர் வீட்டு மேசை மேல்தான் ஓடும். அதனால்தான் சண்டை.

இவர்களுக்குப் பிடித்தது 1:76 ஸ்கேல், 9 மி.மீ. தண்டவாளம். இரண்டடி என்பது 610 மி.மீ. அதை 76-ஆல் வகுத்தால் 8 மி.மீ.தான் வரும். 'என்' கேஜ் எஞ்சினின் அடிப்பாகம் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் 9. இந்த ஒரு மில்லிமீட்டர் பொய்க்காக விடிய விடிய வாக்குவாதம் நடக்கும். பாய்லரில் ஒரு ரிவெட் குறைந்தால் தூக்கம் போச்சு. பக்கத்திலேயே துரை பங்களா இருக்கும், ரோஜாச் செடி சகிதம். எல்லாம் சரி, கொழுந்து பறித்தவங்க எங்கே சார்? லயம் எங்கே?

'பொழுதுபோக்குல எதுக்கு சார் அரசியல்?' என்பார்கள். துரை பங்களாவை வைத்தபோதே அது வந்தாச்சே! கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி ஜனங்கள் இல்லாமல் அந்தப் பெட்டிக்குள் தேயிலை எப்படி வந்ததாம்? ரயில் காலியாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வதா?

பழைய கதை என்றும் தள்ள முடியாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, அதே மூணாறு மலையில், பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். புதைந்தது லயம். ரயில் போய் நூறு வருஷம் ஆகிவிட்டது, லயம் போகவில்லை.

கணக்குப் பிரியர்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். 1:76-ல் ஐந்தடிப் பெண் 2 செ.மீ. முதுகில் கூடை வைக்க மெல்லிய தூரிகையும் நல்ல கண்ணாடியும் வேண்டும். ரிவெட்டுக்கு வாங்கியது போதும். பத்தடி அறை 4 செ.மீ. ஆறு அறை ஒட்டிய லயம் 24 செ.மீ., பள்ளிக்கூட ஸ்கேலைவிடச் சின்னது. கொஞ்சம் அட்டை, கூரைக்குக் கொஞ்சம் தகரத்தாள்.

இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். துரையின் ரோஜாத் தோட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.