புக்கெட் கரையில் செங்கொடி

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குக் குழந்தைகளுடன் உல்லாசமாகச் செல்லக் கருதுவோர் முதலில் விசாரிப்பது ஹோட்டல் வாடகையையே. மே முதல் அக்டோபர் வரை அவ்வாடகை குறைவதன் காரணம் யாது? தென்மேற்குப் பருவமழையும் மேலைக்கரைக் கடலின் கொந்தளிப்புமேயாம். அக்காலத்தில் நாட்டப்படும் செங்கொடியை மீறி இறங்கினால், நீரோட்டம் நன்கு நீந்துவோரையும் இழுத்துச் செல்லும். குழந்தையின் கதி என்ன?

அறிவே காப்பென்பதற்குச் சான்றும் அங்கேயே உண்டு. 2004 டிசம்பர் 26-ந் தேதி, மாய் காவ் கரையில் கடல் நுரைத்துப் பொங்கியதைக் கண்ட பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி ஸ்மித், பள்ளியில் கற்ற பூகோளப் பாடத்தால் அபாயத்தையுணர்ந்து எச்சரித்தாள். கரையிலிருந்தோர் உயிர் தப்பினர்.

விலைக் குறைவை விளம்பரம் செய்யும் ஹோட்டல்காரர் கடலின் நிலையையும் உடன் அறிவிக்கவேண்டுமென்பது நமது கோரிக்கை. பெற்றோரோ, செங்கொடியின் பொருளைக் குழந்தைகளுக்குப் போதித்த பின்னரே பிரயாணச் சீட்டு வாங்குவார்களாக.