லேப் கதவை ஏன் பூட்டுகிறீர்கள்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, ஆபீஸ் கேன்டீன், எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. "பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிடுச்சா?"

கிடைத்துவிட்டால் அப்பாவுக்கு நிம்மதி. நகையை அடகு வைத்தோ, பாங்கியில் கடன் வாங்கியோ பீஸைக் கட்டுகிறார். "இனி அவன் பாடு" என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

அவன் படும் பாடு அவனுக்குத்தான் தெரியும்!

பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளை. காலேஜில் கால் வைத்ததும் சி, பைதான் என்று புரோகிராம் எழுதச் சொல்கிறார்கள். ஒரே ஒரு செமிகோலன் விட்டுப் போனால் சி புரோகிராம் ஓடாது. தப்பு இருப்பது ஏழாவது வரியில். கம்ப்யூட்டர் பல நேரம் காட்டுவதோ எட்டாவது வரியை! அதுவும் இங்கிலீஷில். பழகியவர் அரை நிமிஷத்தில் கண்டுபிடிப்பார். புதுப் பிள்ளை அரை மணி நேரம் முழிக்கும். அதற்குள் பெல் அடித்துவிடும்.

சாயந்திரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்றால், பல கல்லூரிகளில் லேபுக்குப் பூட்டு. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு அரியர் இரண்டாகி, இரண்டு நாலாகிறது. "நம்ம மண்டையில இது ஏறாது" என்று பிள்ளையே முடிவு கட்டிவிடுகிறது.

மண்டையில் கோளாறு இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. அதுதான் கோளாறு!

அரசு ஒன்றும் செய்யவில்லையா? செய்திருக்கிறது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்ஜினீயரிங் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்றது. 2022-ல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை என்.பி.டி.இ.எல். மூலம் காசில்லாமல் பார்க்கலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' சி மொழியைத் தமிழிலேயே சொல்லித் தருகிறது. இது எத்தனை முதல் வருஷப் பிள்ளைகளுக்குத் தெரியும்? காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

இருந்தாலும், வீடியோவை நிறுத்திவிட்டு, "சார், என் புரோகிராம் ஏன் ஓடலை?" என்று கேட்க முடியுமா?

"அதான் ஏ.ஐ. வந்துடுச்சே, போன்ல கேட்டா அதுவே எழுதித் தருதே" என்பார்கள். தருகிறது, உண்மைதான். ஆனால் அதை அப்படியே காப்பி அடித்துக் கொடுத்தவன் பரீட்சை ஹாலில் என்ன செய்வான்? இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்தவர் "இந்த வரி எதுக்கு?" என்று கேட்டால் எதைச் சொல்வான்?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆரம்பப் புரோகிராமிங் வகுப்பைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, மூத்த மாணவர்களையே சொல்லித்தர வைக்கிறார்கள். அதற்குச் சம்பளமும் உண்டு. நேற்றுத் தடுக்கி விழுந்தவனுக்குத்தானே இன்று விழுகிறவன் எங்கே தடுக்குகிறான் என்று தெரியும்?

இங்கேயும் இது முடியாத காரியம் அல்ல. வகுப்பு முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் லேப் திறந்திருக்கட்டும். கேட்டதற்குச் சலிக்காமல் பதில் சொல்ல இரண்டு சீனியர் மாணவர்கள் இருக்கட்டும். அவர்களுக்குப் பஸ் செலவுக்கும் டீ செலவுக்குமாவது ஒரு தொகை கொடுங்கள். மாணவிகள் நேரத்தோடு வீடு போய்ச் சேர காலேஜ் பஸ் ஒன்றைக் கடைசி டிரிப்புக்கு நிறுத்தி வையுங்கள். கரண்டு பில் கொஞ்சம் கூடும். லட்சக்கணக்கில் பீஸ் வாங்கும் கல்லூரிகளுக்கு இது ஒரு செலவா?

"திறந்து வெச்சா பசங்க வருவாங்களா?" என்று கேட்பவர்கள் ஒரு சாயந்திரம் கோட்டூர்புரம் போய் வரட்டும். 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனி இடமே இருக்கிறது. அங்கே தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளைகள்? நம் வீட்டுப் பிள்ளைகள்தான்!

பெற்றோர்களே, அட்மிஷனுக்குப் போகும்போது "எத்தனை பேருக்கு வேலை வாங்கித் தந்தீங்க?" என்று கேட்கிறீர்கள். நல்லது. கூடவே இன்னொன்றும் கேளுங்கள்:

"சாயந்திரம் எத்தனை மணி வரைக்கும் லேப் திறந்திருக்கும்? சந்தேகம் கேட்டா பதில் சொல்ல அங்கே யார் இருப்பாங்க?"

நாலு பேர் கேட்டால் பூட்டு தானாகத் திறக்கும்.