கடை உங்களுடையது... விளம்பரக் கணக்கு யாருடையது?

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மதுரையில் ஒரு பல் கிளினிக். கோவையில் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து ஆன்லைனில் விற்கும் ஒரு குடும்பத்தலைவி. இந்த நால்வருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால், நால்வரின் விளம்பரப் பணமும் ஒரே ஆளின் கம்ப்யூட்டர் திரையில் இருக்க வாய்ப்புண்டு.

அந்த ஆள், டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்ஸி ஒன்றில் வேலை பார்ப்பவர். உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். 'கம்ப்யூட்டர்ல ஏதோ விளம்பர வேலை' என்றுதான் உறவினர்களிடம் சொல்லியிருப்பீர்கள். உண்மையில் அது, பத்துப் பதினைந்து பேரின் கல்லாப்பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிற வேலை.

ஒரே லாக்-இன்... பல கடைகள்!

கூகுளில் விளம்பரம் செய்கிற ஒவ்வொரு தொழிலுக்கும் தனிக் கணக்கு உண்டு. பத்து இலக்க எண் ஒன்று அதற்கு அடையாளம். பதினைந்து கிளையன்ட்டுகள் என்றால் பதினைந்து கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு வைத்து உள்ளே போய், வெளியே வந்துகொண்டிருந்தால் பொழுதே போய்விடும். அதற்காகத்தான் 'மேனேஜர் அக்கவுன்ட்' என்ற ஏற்பாடு இருக்கிறது.

ஏஜென்ஸி தன் மேனேஜர் அக்கவுன்ட்டிலிருந்து கடைக்காரரின் கணக்குக்கு ஓர் அழைப்பு அனுப்பும். கடைக்காரர் சம்மதித்தால் இரண்டும் இணைந்துவிடும். கடைக்காரரின் பாஸ்வேர்டு ஏஜென்ஸிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால், கடைக்காரரே இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவிலும் இதே மாதிரி வழி இருக்கிறது. கடை தன் பெயரில் 'பிசினஸ் போர்ட்ஃபோலியோ' திறந்து, ஏஜென்ஸியை அதில் 'பார்ட்னர்' ஆகச் சேர்க்கலாம். எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்று அளந்து அனுமதி கொடுக்கலாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்துவிட்டுப் போவதைப் போலத்தான். வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்து யாரும் கொடுப்பதில்லை!

காலை ஏழு மணி போன்

இந்த வேலையில் காலையில் முதலில் பார்க்க வேண்டியது, நேற்று எந்தக் கணக்கில் எவ்வளவு செலவானது என்பதை. கடைக்காரர்களைப் பதறவைக்கும் விஷயமும் இதில்தான் இருக்கிறது. கூகுளில் 'ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்' என்று பட்ஜெட் வைத்தால், அது சராசரிக் கணக்கு. தேடுகிறவர்கள் அதிகமாக இருக்கும் நாளில் 2,000 ரூபாய் வரை செலவாகலாம். மந்தமான நாளில் குறையும். பட்ஜெட்டை மாற்றாத வரை, மாதம் முழுவதும் சேர்த்து 30,400 ரூபாயைத் தாண்டாது.

இது தெரியாத முதலாளி, காலை ஏழு மணிக்கே போன் போடுவார். "தம்பி, ஆயிரம்னுதானே சொன்னேன்... ரெண்டாயிரம் போயிருக்கே?" அவருக்குப் பொறுமையாகக் கணக்கை விளக்குவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

அடுத்தது களையெடுப்பு. பட்டுக் கடையின் விளம்பரம், 'பட்டுப் புடவை துவைப்பது எப்படி', 'பட்டுக் கடையில் வேலை' என்றெல்லாம் தேடுகிறவர்கள் முன்னாலும் போய் நிற்கும். அவர்கள் கிளிக் செய்தால் காசு போகும், புடவை போகாது. அதனால், எந்தச் சொற்களுக்கு விளம்பரம் வரவே கூடாது என்று 'நெகட்டிவ் கீவேர்டு' பட்டியல் ஒன்றை வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பல் கிளினிக்குக்கு வேறு தொல்லை. ஊர் மதுரை என்று குறித்தாலும், மதுரையில் இருப்பவர்களோடு மதுரைமீது ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் போகும்படிதான் கூகுளின் ஆரம்ப அமைப்பு இருக்கும். டெல்லியில் இருப்பவர் நாளைக் காலை மதுரைக்குப் பல் பிடுங்க வரப்போவதில்லை. யாராவது உள்ளே போய் அதைக் கவனித்து மாற்ற வேண்டும்.

சில நேரம் 'முடியாது' என்று சொல்லவும் தெரிய வேண்டும். 'சர்க்கரை நோயை முழுசாகக் குணப்படுத்துகிறோம்னு போடுங்க' என்று ஒரு கிளையன்ட் கேட்பார். சர்க்கரை நோய்க்கு மருந்து விளம்பரம் செய்வதற்கு 1954-லேயே தடை போட்ட சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். தீபாவளி நெருங்கினால் பட்டாசு விளம்பரம் கேட்டு வருவார்கள். ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. கூகுளும் பட்டாசு விளம்பரத்தை அனுமதிப்பதில்லை. ஆசைப்பட்டு ஏற்றிவிட்டால், கணக்கே முடங்கும் ஆபத்து உண்டு.

ஒரு பூஜ்யம் கூடினால்...

பதினைந்து கணக்குகளும் திரையில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதே பட்டன்கள், அதே வரைபடங்கள். பனியன் கம்பெனிக்குப் பண்ண வேண்டிய மாற்றத்தைப் பட்டுக் கடைக் கணக்கில் பண்ணிவிட அரை நொடிக் கவனக்குறைவு போதும். 500 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 5,000 என்று அடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினால், திங்கட்கிழமை காலையில் யாரோ ஒருவரின் மாதப் பணம் கரைந்திருக்கும்.

அதனால்தான் நல்ல ஏஜென்ஸிகளில் சில பழக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கடை, ஊர், மாதம் எல்லாம் தெரிகிற மாதிரி பெயர் வைப்பார்கள். பட்ஜெட்டைக் கூட்டினால் இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்றைக்கே நீக்கிவிடுவார்கள். மெட்டாவில் ஊழியரின் சொந்த ஃபேஸ்புக் கணக்கு வழியாகவே கடைகளின் விளம்பரக் கணக்குக்குள் நுழைவது வழக்கம். அந்த ஒருவரின் கணக்கை யாராவது திருடினால், அவர் கையில் இருக்கும் அத்தனை கடைகளின் கதவும் திறந்துகொள்ளும். இரண்டு கட்டச் சரிபார்ப்பு இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடக் கூடாது என்பது அதனால்தான்.

யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது கூகுள் கணக்கின் 'சேஞ்ச் ஹிஸ்டரி'யில் பதிவாகிவிடும். இரண்டு வருடம் வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். தப்பு நடந்ததா, யார் செய்தது என்ற சண்டைக்கு அங்கே விடை கிடைத்துவிடும். கணக்கைத் திறந்து பார்க்கிற அனுமதி கடைக்காரருக்கு இருந்தால்!

பேரேடு யாரிடம் இருக்கிறது?

பிரச்னையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. பல சிறு தொழில்களில், 'நீங்களே எல்லாம் பார்த்துக்கோங்க' என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஏஜென்ஸி தன் மெயில் ஐடியில், தன் பெயரில் கணக்கைத் திறக்கிறது. மாதா மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் வருகிறது. மூன்று வருடம் ஓடுகிறது. ஒரு நாள் மனஸ்தாபம் வந்து பிரிகிறார்கள். 'எங்க கணக்கைக் கொடுங்க' என்று கேட்டால், 'அது எங்க கணக்காச்சே' என்று பதில் வருகிறது.

கணக்கு போனால் என்ன, புதிதாக ஒன்று திறந்துகொள்ளலாமே என்று தோன்றும். திறக்கலாம். ஆனால், பழைய கணக்கில் இருந்தது வெறும் விளம்பரப் படங்கள் மட்டுமல்ல. எந்தச் சொல்லைத் தேடியவர் புடவை வாங்கினார், எது வீண் செலவு, எந்த மாதத்தில் எந்த ஊரிலிருந்து ஆர்டர் வந்தது, கடையின் வெப்சைட்டுக்கு வந்து வாங்காமல் போனவர்கள் யார் யார் என்ற பட்டியல்... மூன்று வருடமாகக் கடைக்காரர் காசு கொடுத்துக் கற்ற பாடங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மெட்டாவில் ஒரு புதிய விளம்பரம் நிலைபெறவே, ஒரு வாரத்தில் ஏறக்குறைய 50 ஆர்டரோ, விசாரணையோ வர வேண்டும். புதிய கணக்கு என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து காசு கொடுத்துக் கற்க வேண்டும். வருமானத்துக்குத் தீபாவளி சீசனையே நம்பியிருக்கும் ஒரு கடைக்கு, ஐப்பசியில் இப்படி நடந்தால் அந்த வருடமே போச்சு.

பழைய ஜவுளிக் கடைகளில் கணக்குப்பிள்ளை இருப்பார். வரவு செலவு எல்லாம் அவர் கையெழுத்துதான். முதலாளியைவிட அவருக்குத்தான் எல்லாம் தெரியும். ஆனால், அவர் வேலையை விட்டுப் போனால் பேரேட்டை எடுத்துக்கொண்டு போக மாட்டார். எழுதியது அவர், ஏடு கடையுடையது. ஆன்லைன் விளம்பரத்திலும் நியாயம் அதுதான்.

ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பட்டுக் கடைகள் ஒரே ஏஜென்ஸியிடம் வந்தால் இன்னும் சிக்கல். கூகுளில் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. இரண்டு கடைகளும் ஒரே ஏலத்தில் மோதும். இருவரும் எவ்வளவு செலவு செய்கிறார்கள், எது விற்கிறது என்று ஏஜென்ஸிக்கு மட்டும் தெரியும். ஒருவரின் பாடத்தை இன்னொருவருக்கு ஊட்டாமல் இருப்பது அந்த இளைஞரின் மனசாட்சியில் இருக்கிறது. 'உங்க போட்டியாளரும் எங்ககிட்டதான் இருக்கார்' என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

பில் யார் பெயரில்?

ஏஜென்ஸிகள் கட்டணம் வாங்குவதில் இரண்டு முறைகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை. இன்னொன்று, விளம்பரச் செலவில் இத்தனை சதவிகிதம். இரண்டாவதில், செலவு கூடினால் ஏஜென்ஸி வருமானமும் கூடும் என்பதைக் கடைக்காரர் நினைவில் வைத்திருக்க வேண்டும். 'பட்ஜெட்டை ஏத்தலாம் சார்' என்ற யோசனை வரும்போது, 'ஏத்தினா எத்தனை ஆர்டர் கூடும்?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

விளம்பரச் செலவுக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி உண்டு. 30,400 ரூபாய் விளம்பரத்துக்கு வரி மட்டும் 5,472 ரூபாய். கடையின் ஜி.எஸ்.டி எண்ணைக் கணக்கில் பதிந்து, பில் கடையின் பெயரிலேயே வந்தால், தகுதியுள்ள தொழில்கள் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். கூகுளுக்கு எவ்வளவு, ஏஜென்ஸிக்கு எவ்வளவு என்பதும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக வாங்கினால், விளம்பரத்துக்கு உண்மையில் போனது எவ்வளவு என்று கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை.

இதில் கூகுளின் விதியே கடைக்காரர் பக்கம்தான் நிற்கிறது. ஒவ்வொரு விளம்பரதாரருக்கும் ஏஜென்ஸி தனிக் கணக்கு வைத்திருக்க வேண்டும். செலவு, கிளிக், எத்தனை முறை விளம்பரம் காட்டப்பட்டது என்ற விவரங்களைக் கொடுக்க வேண்டும். கேட்டால் அந்தப் பத்து இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும்.

ஏஜென்ஸி பக்கத்து நியாயம்

ஏஜென்ஸிகளுக்கும் வலி இருக்கிறது. ஆறு மாதம் வேலை வாங்கிவிட்டுப் பணம் தராமல் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். விளம்பரக் காசைக் கைக்காசிலிருந்து போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கணக்கைத் தன் பெயரில் வைத்துக்கொண்டால்தான் பாக்கி வரும் என்ற பயத்திலேயே சில ஏஜென்ஸிகள் சாவியை விடுவதில்லை. சில முதலாளிகள் தினமும் கூகுளில் தன் கடையைத் தேடி, தன் விளம்பரத்தையே கிளிக் செய்து 'வேலை செய்யுதா' என்று பார்ப்பார்கள். தன் காசைத் தானே கரைத்துவிட்டு, 'ரிசல்ட் இல்லை' என்பார்கள்!

விளம்பரப் பணத்தைக் கடையின் கார்டிலிருந்தே நேராகக் கட்டி, ஏஜென்ஸியின் கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால், இருவரின் பயமும் பாதி தீர்ந்துவிடும்.

கடைக்காரர்கள் கவனத்துக்கு...

• கணக்கைக் கடையின் மெயில் ஐடியில் திறங்கள். 'அட்மின்' அனுமதி வீட்டு ஆள் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். ஏஜென்ஸிக்கு மேனேஜர் அல்லது பார்ட்னர் இணைப்பு போதும். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

• விளம்பரம் உண்மையில் ஓடுகிறதா என்று செல்போனிலேயே பார்க்கலாம். மெட்டாவின் 'ஆட் லைப்ரரி', கூகுளின் 'ஆட்ஸ் டிரான்ஸ்பரன்ஸி சென்டர்' இரண்டும் எல்லோருக்கும் திறந்தவை, இலவசம்.

• பிரியும்போது எதை எப்படி ஒப்படைப்பது என்பதை, சேரும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

• பல வருடமாக ஏஜென்ஸி பெயரிலேயே ஓடும் கணக்கு என்றால், உறவு நன்றாக இருக்கும்போதே பேசுங்கள். சண்டை வந்த பிறகு கேட்டால், நியாயமான கோரிக்கையும் மிரட்டலாகத்தான் தெரியும்.

இன்றைக்குக் கடை சாத்தியதும், உங்கள் ஏஜென்ஸிக்கு ஒரே ஒரு மெசேஜ் போடுங்கள். 'எங்கள் விளம்பரக் கணக்கின் பத்து இலக்க எண் என்ன? அதில் அட்மின் யார்?' நல்ல ஏஜென்ஸியாக இருந்தால், நாளைக் காலை கடை திறப்பதற்குள் பதில் வந்துவிடும்.